அத்தியாயம் 4: "இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

மூன்றரை, நான்கு வயதில் சில குழந்தைகள் எழுத்தைக் கண்டால் விடமாட்டார்கள். பஸ் போர்டு, மளிகைக் கடைப் பை, மாத்திரை அட்டை, சுவர் விளம்பரம் என்று எதைப் பார்த்தாலும் விரலை வைத்து, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். "பள்ளிக்கூடம் போனா டீச்சர் சொல்லித் தருவாங்க" என்று தள்ளிவிடுவது ஒன்று. மறுநாளே சிலேட்டு வாங்கி வந்து, அ முதல் ஃ வரை தினமும் பக்கம் பக்கமாக எழுத வைப்பது மற்றொன்று. முதல் வீட்டில் ஆர்வம் பட்டினி கிடக்கிறது. இரண்டாவது வீட்டில் சில வாரங்களிலேயே சிலேட்டைக் கண்டால் பிள்ளை ஓடுகிறது.

இந்த அத்தியாயம் சொல்லும் வழி எளிது. பிள்ளை எந்தச் சொல்லைக் கேட்டதோ அதிலிருந்தே தொடங்குங்கள். காது முதலில், கண் அடுத்து, கை கடைசியில் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

அச்சடிக்கும் ஊரின் வசதி

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை சிவகாசியில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. அச்சகங்கள் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று விரிந்தன. இன்று விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் அச்சடித்த தாள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாசிக்கத் துடிக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல ஊர் வாய்ப்பது அரிது.

இதே ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1988-இல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. இந்தத் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்தது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அன்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகள் பலர் இன்று தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர்களும் அவர்கள்தான். "எனக்கே எழுத்து தெரியாது, நான் என்ன சொல்லித்தர?" என்று அவர்கள் தயங்கினால், அடுத்த பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அதில் வரும் வேலைகளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை.

முதல் படி: காது

சொல் என்பது சிறுசிறு ஒலிகளால் ஆனது என்று காதுக்குப் புரிந்த பிறகுதான், அந்த ஒலிகளுக்கு வடிவம் உண்டு என்பது கண்ணுக்குப் புரியும். இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கா, மி, து என்று நம் எழுத்துகளில் பெரும்பாலானவை வாயால் தனியாகச் சொல்லக்கூடிய ஓர் அசையைக் குறிக்கின்றன. எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்றே. அதனால் சொல்லை அசை அசையாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை பாதி வழி வந்துவிட்டது.

விளையாட்டாகச் செய்ய வேண்டியவை இவை:

• கைதட்டு. சி-வ-கா-சி, நான்கு தட்டு. பா-ப்பா, இரண்டு தட்டு. வீட்டில் உள்ளவர்கள் பெயரையெல்லாம் தட்டிப் பார்க்கலாம். யாருடைய பெயர் நீளம் என்பதில் பிள்ளைகளுக்கு அபார ஆர்வம்.

• முதல் ஒலி. "ப-னாவில தொடங்குறது என்னென்ன சொல்லு பாப்போம்?" பட்டாசு, பம்பரம், பல்லி, பரோட்டா. பஸ்ஸில் போகும்போதும் சோறு ஊட்டும்போதும் ஆடலாம்.

• சேர்த்துச் சொல். நீங்கள் "ப… ட்டா… சு" என்று இழுத்துச் சொல்லுங்கள். பிள்ளை சேர்த்து "பட்டாசு!" என்று சொல்ல வேண்டும். பிறகு எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது செய்யப்போவதும் இதே வேலைதான்.

• மாற்றிச் சொல். கல், பல். காடு, மாடு, வீடு. ஐந்து வயதை நெருங்கிய பிள்ளையிடம் "மாடு-ல ம் போயிருச்சுன்னா என்ன வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆடு" என்று சொன்னால் காது நன்றாகத் தயாராகிவிட்டது. சொல்லாவிட்டால் குற்றமில்லை, பல பிள்ளைகளுக்கு இது பள்ளி சேர்ந்த பிறகே வருகிறது.

விடுகதை, தாலாட்டு, கும்மிப் பாட்டு, பேய்க்கதை எல்லாம் இந்தப் படியில் பாடம்தான். ஆச்சிமார்களிடம் இவை ஏராளம். அவர்களைப் பேசவிடுங்கள்.

இரண்டாம் படி: படித்துக் காட்டுவது

தினமும் ஒரு படப் புத்தகம். மடியில் உட்கார வைத்து, எழுத்துக்கு அடியில் விரலை மெதுவாக ஓட்டியபடி வாசியுங்கள். இடமிருந்து வலம் போவதும், ஒரு வரி முடிந்தால் அடுத்த வரிக்கு இறங்குவதும், பேசுவது படமல்ல, எழுத்து என்பதும் சொல்லாமலே விளங்கிவிடும்.

இடையில் நிறுத்திப் பேசுவது வாசிப்பைப் போலவே முக்கியம். அமெரிக்காவில் க்ரோவர் வைட்ஹர்ஸ்டும் அவர் குழுவினரும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெற்றோர் ஒரு தரப்பினருக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுப் படிக்கவும், பிள்ளை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்லவும் பழக்கினார்கள். மற்றத் தரப்பினர் வழக்கம்போல் படித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் தரப்புக் குழந்தைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். நம் வீட்டில் அது இப்படி நடக்கலாம்:

"இந்தக் கோழி எங்க போகுது?"
"வெளிய."
"ஆமா, கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு வெளிய போகுது. ஏன் போகுதுன்னு நினைக்கிற?"

"இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைத்துவிடாதீர்கள். பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளையே உங்களிடம் கேட்கும் அளவுக்குப் பேச்சு ஓட வேண்டும்.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் "போய்க்கொண்டிருக்கிறது" என்று இருக்கும், வீட்டில் "போய்க்கிட்டு இருக்கு" என்று பேசுவோம். எழுத்துத் தமிழைக் காதால் கேட்டே பழகாத பிள்ளை, பின்னால் சரியாக எழுத்துக் கூட்டினாலும் பொருள் பிடிபடாமல் முழிக்கும். அதனால் ஒரு பக்கத்தைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள், உடனே வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள், மறுபடி ஒருமுறை உள்ளபடியே வாசியுங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். அந்த மறுவாசிப்பில்தான் எழுத்துத் தமிழ் காதில் படிகிறது.

மூன்றாம் படி: கண்ணில் படும் அச்சு

இப்போது பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்றால் நேராகப் பதில் சொல்லுங்கள்: "சாத்தூர்னு எழுதியிருக்கு. இது சா." அவ்வளவு போதும். நின்ற இடத்தில் முழுப் பாடம் நடத்த வேண்டாம்.

*பெயர்.* முதலில் அறிய வேண்டிய எழுத்துகள் பிள்ளையின் பெயரில் இருப்பவை. அட்டையில் பெரிதாக எழுதித் தட்டு, பை, அலமாரி என்று ஒட்டுங்கள். தன் பெயரின் முதல் எழுத்தைத் தெருவில் கண்டுபிடிக்கும் பிள்ளை, மற்ற எழுத்துகளை அதுவாகவே கேட்கத் தொடங்கும்.

*தினசரி காலண்டர்.* ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவருகின்றன. ஆடி முடிந்ததும் பழைய மாதிரிகள் எத்தனையோ வீணாகக் கிடக்கும், கேட்டு வாங்குங்கள். தினமும் காலையில் தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். பெரிய எண், கிழமைப் பெயர் இரண்டும் மாறாத இடத்தில் இருப்பதால் எங்கே பார்க்க வேண்டும் என்று எளிதில் பழகும். கிழித்த தாளில் அன்றைக்கு ஓர் எழுத்தைத் தேடி வட்டம் போடச் சொல்லலாம்.

*பஸ் போர்டு.* சிவகாசி என்ற பெயரைப் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. நான்கே எழுத்து, அதிலும் சி இரண்டு முறை வருகிறது. புதிதாக வாசிக்கும் பிள்ளைக்கென்றே வைத்த பெயர்போல இருக்கிறது. "முன்னாடி ஒரு சி, பின்னாடி ஒரு சி, நடுவுல என்ன?" என்று விளையாடுங்கள். விருதுநகர் அடுத்து வரட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரை ஸ்ரீயோடு சேர்த்துப் பார்த்துப் பழகட்டும், எழுத்துக் கூட்ட வைக்க வேண்டாம்.

*லேபிள்.* அச்சகத்தில் மெஷின் ஓடத் தொடங்கும்போது வீணாகும் தாள்களில் அணில், சேவல், மயில் என்று படமும் கீழே பெயரும் இருக்கும். ஒரே லேபிளில் இரண்டை எடுத்து, ஒன்றை அப்படியே வைத்து, மற்றதில் எழுத்தை மட்டும் தனியாக வெட்டிப் பொருத்த வைக்கலாம்.

எச்சரிக்கை: அச்சகத்திலிருந்து நேராக வந்த தாளை மட்டுமே பயன்படுத்துங்கள். பயர் ஆபீசிலிருந்து வரும் தாள், குழாய், லேபிள், திரி எதுவும் பிள்ளையின் கைக்கு வரக் கூடாது. அதில் மருந்து படிந்திருக்கலாம். தீப்பெட்டியில் எழுத்துக் காட்ட வேண்டுமென்றால் லேபிளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பெட்டியை அப்புறப்படுத்துங்கள். ஆலையிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையை மடியில் தூக்குங்கள்.

நான்காம் படி: எந்த எழுத்து முதலில்?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இந்த அட்டவணையைச் சுவரில் மாட்டி மேலிருந்து கீழே ஒப்பிக்க வைப்பது நம் வழக்கம். ஒப்பிப்பது பாட்டு. வாசிப்பது வேறு திறமை. ஔ, ங, ஞ போன்றவை நாலு வயதுப் பிள்ளையின் புத்தகத்தில் எத்தனை முறை வந்துவிடப்போகின்றன?

1990-களில் அறிவொளி இயக்கம் தமிழகக் கிராமங்களில் பெரியவர்களுக்குக் கற்பித்தபோது அரிச்சுவடி வரிசையைப் பின்பற்றவில்லை. பட்டா, படி என்று மக்களுக்குத் தேவையான சொற்களிலிருந்து தொடங்கியது. எழுதவும் எளிது, உடனே ஒரு சொல்லும் கிடைத்துவிடும். பிள்ளைகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். குறைந்த எழுத்தில் நிறையச் சொல் கிடைக்கும்படி ஒரு வரிசை இதோ:

முதல் கட்டம். ப, ட, ம, க ஆகிய நான்கு எழுத்து, புள்ளி, கால் (ா). இவற்றிலேயே படம், பட்டம், பாடம், பக்கம், கட்டம், மாமா, பாப்பா, காக்கா எல்லாம் வந்துவிடும். அ-வையும் சேர்த்தால் அம்மா, அப்பா, அக்கா.

இரண்டாம் கட்டம். ச, வ ஆகிய எழுத்துகளும் மேல் கொக்கி (ி) குறியும். படி, பாட்டி, மாடி, சட்டி, சாவி, சிவகாசி.

மூன்றாம் கட்டம். த, ல, ர ஆகியவையும் உகரமும். தாத்தா, தட்டு, பால், மரம், மாடு, பாட்டு, பட்டாசு, மத்தாப்பு. கு, டு, து, பு, மு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் இந்தக் கட்டம் மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகவே அறிமுகப்படுத்துங்கள்.

நான்காம் கட்டம். ீ, ூ, ை ஆகியவை. வீடு, பூ, சாத்தூர், தலை. கடைசியாக ெ, ே, ொ, ோ: சேவு, பால்கோவா, பரோட்டா.

ஒவ்வொரு எழுத்தையும் சிறு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். ப, ட, ம் மூன்றையும் வரிசையாக வையுங்கள். "ப… ட… ம்… படம்!" நடுவில் இன்னொரு ட் செருகினால் பட்டம். ப-வுக்குக் கால் போட்டால் பாடம். ஓர் அட்டை மாறினால் சொல்லே மாறுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அன்றைக்கு வேறு விளையாட்டு வேண்டியிருக்காது.

நாளைக்கு ஓர் எழுத்து என்று கணக்கு வைக்காதீர்கள். கன்னடப் பள்ளிக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்துமுறை முழுதும் கைவரச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன என்று காட்டியது. பள்ளி சேருமுன் முதல் இரண்டு கட்டம் வந்துவிட்டால் தாராளம்.

இடறும் இடங்கள்

ஒரே எழுத்து, பல ஒலி. படம், பட்டம் இரண்டிலும் ட இருக்கிறது, ஒலி வேறு. பாம்பு என்பதில் இரண்டு ப-வும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. விதி சொல்லித் தர வேண்டாம். தமிழ் பேசும் பிள்ளை சொல்லை அடையாளம் கண்டதும் வாய் தானாகச் சரிசெய்துகொள்ளும். கூட்டி முடித்ததும் "என்ன சொல்லு அது?" என்று மட்டும் கேளுங்கள்.

இடப்பக்கம் நிற்கும் குறிகள். பெ, பே, பை என்பவற்றில் குறி முதலில் கண்ணில் படுகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பொ, போ-வில் இருபுறமும் நிற்கிறது. குறியையும் எழுத்தையும் பிரிக்காமல் ஒரே அட்டையில் எழுதுங்கள்.

தோற்றத்தில் நெருங்கியவை. ர-வும் காலும், ண-வும் ன-வும், எ-வும் ஏ-வும், ஒ-வும் ஓ-வும். ஒரே வாரத்தில் இரட்டையாக அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது வரட்டும்.

பழைய வடிவம். தமிழக அரசு 1978-இல் ஆணையிட்டு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் படித்த தாத்தாவோ ஆச்சியோ லை, னை போன்றவற்றைத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். பிள்ளை குழம்பினால், "இது தாத்தா படிச்ச காலத்து எழுத்து" என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

கடைசிப் படி: கை

வாசிக்கத் தயாரான பிள்ளையின் விரல் எழுதத் தயாராகியிருக்க வேண்டும் என்பதில்லை. பென்சிலை அழுத்திப் பிடிக்க வைத்து வரி நோட்டில் எழுதச் சொன்னால், கை வலி வாசிப்பின் மீது வெறுப்பாகத் திரும்பும். 1939 முதல் சில ஆண்டுகள் சென்னை அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, சொரசொரப்பான காகிதத்தில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கும் முறையைப் பரப்பினார். நம் வீட்டில் விஜயதசமிக்கு அரிசியில் எழுதவைப்பதும் இதைப் போன்றதுதான். அந்த ஒரு நாளோடு நிறுத்தாமல், தட்டில் மணலோ கேழ்வரகோ பரப்பி அடிக்கடி எழுதவிடுங்கள். மாவு பிசைதல், பூ கட்டுதல், பயறு பொறுக்குதல் எல்லாம் விரலுக்குப் பயிற்சி.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு: நாளில் கால்மணி நேரம்

காலையில் காலண்டர் தாள் கிழிக்கும் ஒரு நிமிடம். சாப்பிடும்போதோ தலை வாரும்போதோ ஒலி விளையாட்டு ஐந்து நிமிடம். இரவு தூங்குமுன் ஒரு புத்தகம், பத்து நிமிடத்துக்குள். எழுத்து அட்டைகளை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை எழுந்து ஓடினால் அன்றைய பாடம் முடிந்தது என்று பொருள். பின்னால் துரத்த வேண்டாம்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

அங்கன்வாடியில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் இருக்கிறது. அங்கே இந்த வாரம் என்ன பாட்டு, என்ன கதை என்று கேட்டு, வீட்டிலும் அதையே தொடருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, பாரதி புத்தகாலயம் ஆகியவை தமிழில் சிறுவர் நூல்கள் வெளியிடுகின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம், அச்சகம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. கிளை நூலகத்தில் பிள்ளைக்கும் உறுப்பினர் அட்டை எடுங்கள். காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. மீனாட்சி கோவிலுக்குப் போகும் நாளில் அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெற்றோர் கேட்பவை

*இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போகிறோம். ஏ, பி, சி, டி-யிலேயே தொடங்கிவிடலாமா?*
பேசத் தெரிந்த மொழியில்தான் வாசிப்பு என்றால் என்ன என்பது பிள்ளைக்குப் புரியும். தமிழில் எழுத்துக் கூட்டிச் சொல் பிடிக்கக் கற்ற பிள்ளை அதே உத்தியை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகும். ஆங்கிலப் பாட்டு, கதை தாராளமாகக் கேட்கட்டும்.

*புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்கிறான், வாசிக்கவில்லை. கண்டிக்கலாமா?*
கூடாது. பக்கம் திருப்பி, வரி மேல் விரல் வைத்து மனப்பாடமாகச் சொல்வது வாசிப்புக்கு முந்திய இயல்பான நிலை. விரல் நிற்கும் சொல்லை மட்டும் எப்போதாவது, "இது என்ன?" என்று கேளுங்கள்.

*பக்கத்து வீட்டுப் பிள்ளை நாளிதழே படிக்கிறாள். எங்கள் பிள்ளைக்கு இன்னும் பத்து எழுத்துகூட வரவில்லை.*
பின்லாந்தில் முறையான பள்ளிப் படிப்பே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம்கூட எட்டு வயதுக்குள் பிள்ளைகள் பிழையின்றி வாசிப்பதைத்தான் இலக்காக வைத்திருக்கிறது. அவகாசம் இருக்கிறது. ஆனால் மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாவிட்டாலும், கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

*செல்போனில் எழுத்துச் செயலி இருக்கிறதே?*
எழுத்தைத் தொட்டால் ஒலி வரும். "ஏன் கோழி வெளிய போகுது?" என்று அது கேட்காது. வைத்துக்கொள்வதானால் கூட உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்கு எப்போது போகலாம்?

நீங்கள் சொல்லித்தராத ஒரு சொல்லைப் பிள்ளை தானாகக் கூட்டி வாசித்துவிட்டால் போகலாம். கடைப் பலகையிலோ சாக்கு மூட்டையிலோ "சா… வி… சாவி!" என்று திடீரென்று சொல்லும். அன்றைக்கே வேறு நாலு சொல்லை நீட்டி வாசிக்கச் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, இரவு வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும். மறுநாளிலிருந்து ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள இரண்டு சொல் வாக்கியங்களைத் தொடங்குங்கள்.